வலியசாலை மாடியில் வந்த கேள்விகள்

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். வெப்சைட்டை ஆரம்பித்தவர் ஒருவர். அக்ரஹாரத்துப் பிள்ளை, சர்க்கார் உத்தியோகத்தில் சம்பளமில்லா லீவு போட்டிருந்தார். அவரை நான் சாமி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கூட்டாளி ஒருவர். கொல்லத்துக்காரர், துபாயில் இருந்துவிட்டு வந்தவர். டைப் அடிக்கிற பெண் ஒருத்தி. ஒரு ஜோசியர். பிறகு நான்.

பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு திறந்த காலம் அது. அந்த வெப்சைட்டில் யாரும் எதையும் கேட்கலாம். முடி கொட்டுகிறது, விசா வரவில்லை, பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை. விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். கூட்டம் முழுக்க ஜோசியருக்குத்தான்.

சாமி எழுந்து நின்று பேசினார். "இன்னிலேர்ந்து எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. புதுசாத் தொழில் தொடங்கறவா மட்டும் கேட்டாப் போறும். பதில் சொல்றவாளும் தொழில் பண்ணிப் பட்டவாளா இருக்கணும்."

ஜோசியர் பையை எடுத்துக்கொண்டார். "கடை திறக்க நாள் பாக்க என்கிட்டதானே வரணும்? அப்ப கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

கூட்டாளி முகம் சுளித்தார். "ஆளைக் கொண்டு வந்தது அவராணு. இனி யாரு வரும்?"

"அண்ணாச்சி இருக்காரே" என்று சாமி என்னைக் காட்டினார்.

எனக்கு அப்போதே சந்தேகம். நான் படித்தது ஐந்து வகுப்பு. கிள்ளிப்பாலத்தில் சைவ மெஸ் நடத்துகிறேன். என்னை எதற்கு? என் கடை இடத்தின் மேல் கண்ணா என்று நினைத்தேன். கேட்டும் விட்டேன்.

சாமி சிரித்தார். "ரெண்டு கடை மூடிட்டு மூணாவது நிக்கறதோல்லியோ, அதுக்காக்கும். ஜெயிச்சவா நிறையக் கிடைப்பா. மூடினவா வாயைத் திறக்கமாட்டா."

சரி என்றேன். சம்பளம் இல்லை, காப்பி உண்டு.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்றரைக்குப் போவேன். அந்தப் பெண் கேள்விகளைத் தாளில் அச்செடுத்து வைத்திருப்பாள். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். அவள் வாசித்துச் சொல்வாள், நான் பதில் சொல்வேன், அவள் அடிப்பாள். யார் கேட்டாலும் முதலில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உன் கடைக்கு எதிரே என்ன இருக்கிறது? அந்தப் பதில் வந்தால் அதே தாளோடு சேர்த்துப் பின் குத்துவாள். அதன் பிறகுதான் வாயைத் திறப்பேன். என் முதல் கடைக்கு எதிரே சவப்பெட்டி செய்தார்கள். இட்லி நன்றாகத்தான் இருந்தது.

விழிஞ்ஞத்திலிருந்து ஒரு பெண் கருவாடு பாக்கெட் போட்டு விற்க யோசனை கேட்டாள். எதிரே கடல் என்று எழுதினாள். அப்படியானால் அங்கே விற்காதே, டவுனுக்குக் கொண்டு வா என்றேன். நெய்யாற்றின்கரைக்காரன் ஒருவன், எதிரே மாமனார் கடை, அதே பலசரக்கு என்று எழுதினான். முதலில் வீட்டுக்காரியிடம் பேசு என்று சொன்னேன். இவர்களுடைய பதில் வர மூன்று நாள், நான்கு நாள் ஆகும். காசு கொடுத்துப் பிரவுசிங் சென்டரில் உட்காருகிறவர்கள் தினமும் வரமுடியாது அல்லவா?

ஒரு மாதம் போனது. கேள்விகள் கூடின. நாளுக்கு ஐந்து, எட்டு, பத்து. இந்தப் புது ஆட்களின் பதில் பத்து நிமிஷத்தில் வந்தது. எதிரே பள்ளிக்கூடம். எதிரே பஸ் ஸ்டாப். அடுத்தவனுக்கும் பள்ளிக்கூடம். ஒருவன் கடைக்கு முன்னாலும் சாக்கடை இல்லை, மூத்திரச் சந்து இல்லை, அதே வியாபாரம் செய்கிற போட்டிக்காரன் இல்லை. இப்படி ஒரு ஊரை நான் பார்த்ததில்லை.

யார் மேல் சந்தேகப்படுவது என்றுதான் தெரியவில்லை. மூன்று பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவள் வாசித்தாள். "கொட்டாரக்கரையில் பேக்கரி தொடங்கப் போறாரு. எதிர்ல போட்டோ ஸ்டுடியோ, பூட்டியிருக்கு. ஷட்டர்ல சினிமா போஸ்டர் ஒட்டியிருக்கு."

இவன் உண்மையான ஆள் என்று நினைத்தேன். அந்த நேரம் மழை உள்ளே அடித்தது. ஜன்னலைச் சாத்த எழுந்து போனேன். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டுடியோ. பூட்டு. ஷட்டரில் போஸ்டர், பாதி கிழிந்து தொங்குகிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தால் நேரே தெரியும்.

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"மோளே, இந்த ஸ்டுடியோ கொட்டாரக்கரையில இருக்கா, இங்க இருக்கா?"

அவள் கை நின்றது.

"அண்ணாச்சி, பெரிய ஸார்கிட்ட சொல்லிராதீங்க."

"யாரு எழுதச் சொன்னா?"

"சின்ன ஸார்." கூட்டாளியை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "தினம் எட்டு, பத்து எழுதணும். எத்தனை ஸ்கூல்தான் எழுதறது? எனக்கு வேற ஒண்ணும் தோணல்லா."

"சாமிக்குத் தெரியுமா?"

"அறியில்லா. சத்தியம்."

அதையும் நான் நம்பவில்லை. மறுநாள் சாமி என் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தார். ரசம் ஊற்றும்போது கேட்டேன். "என்ன சாமி, கேக்கவன் எல்லாருக்கும் எதிர்ல பள்ளிக்கூடமா இருக்கே?"

"நல்ல எடமாப் பாத்துப் பிடிச்சிருக்கா. நம்ம சைட்டைப் படிச்ச குணமாக்கும்!" என்று சிரித்தார்.

தெரிந்தவன் அப்படிச் சிரிக்கமாட்டான். இலையைப் பார்ப்பான்.

பிறகு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், திங்கட்கிழமையோடு லீவு முடிகிறது. ஒன்று வேலைக்குப் போகவேண்டும், இல்லை ராஜினாமா கொடுக்கவேண்டும். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். கேள்வி கூடிக்கொண்டே போகிறது, அதனால் ராஜினாமா என்று முடிவு செய்திருக்கிறார். கூட்டாளியும் அதைத்தான் சொல்கிறாராம்.

நான் மோர் ஊற்றினேன்.

அன்று மூன்றரைக்கு மாடியில் அந்தப் பெண் மட்டும் இருந்தாள். தாள் கட்டு முழுவதையும் எடுக்கச் சொன்னேன். தான் எழுதாதவற்றை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவற்றில் பென்சிலால் வட்டம் போட்டேன். போட்டதைக் கலந்து கட்டிலேயே வைக்கச் சொன்னேன். அவள் அழுதாள். உன் பேர் வராது என்றேன்.

சனிக்கிழமை நான்கு பேரும் இருந்தோம். சாமி மேசைமேல் ராஜினாமாக் கடிதத்தை வைத்தார்.

"ரெண்டு மாசத்துலே இருநூத்திச் சொச்சம் கேள்வி, அண்ணாச்சி. நீங்க அனுபவஸ்தர். கொடுக்கலாமோல்லியோ?"

"கொடுக்கலாம், கொடுக்கலாம்" என்றார் கூட்டாளி.

"அந்தக் கட்டைக் கொண்டா மோளே" என்றேன்.

கூட்டாளி சிரித்தார். "அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் வாசிக்க அறியில்லல்லோ. கட்டை வெச்சு எந்து செய்யும், வடை பொதியவா?"

"எண்ணத் தெரியும்."

கட்டை சாமி பக்கம் நகர்த்தினேன். வட்டம் போட்டதை மட்டும் தனியாக எடுக்கச் சொன்னேன்.

"இதென்ன வட்டம்?"

"ஆள் உள்ள கேள்வி, சாமி."

"அப்போ பாக்கி?"

பெண் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமி கூட்டாளியைப் பார்த்தார். கூட்டாளி எழுந்தார். "தொடக்கத்துல எல்லாரும் இங்ஙனேதான். காலியாக் கிடக்கற கடையில ஆரெங்கிலும் ஏறுமா? அண்ணாச்சி கடை திறந்த அன்னிக்குச் சொந்தக்காரனை உட்கார வெக்கல்லியா?"

உட்கார வைத்தேன். அது உண்மை. ஆனால் அவர்கள் சாப்பிட்டதை நான் வியாபாரம் என்று யாரிடமும் சொல்லவில்லை. இதைச் சொன்னேன்.

கூட்டாளி சிகரெட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

சாமி வட்டம் போட்ட தாள்களை மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். கருவாட்டுக்காரி, பலசரக்குக்காரன், மற்றவர்கள். எண்ணினார். நம்பாமல் கீழேயிருந்து மறுபடி எண்ணினார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எத்தனை என்று வாய்விட்டுச் சொன்னார். நான் எண்ணி வைத்திருந்ததும் அதுதான்.

பத்தொன்பது.