நிறுத்தி வைக்கும் பட்டன்

இரண்டாயிரங்களின் கடைசியில், திருவொற்றியூரில் கேபிள் வழியாக இன்டர்நெட் கொடுத்த ஒரு முதலாளியிடம் வேலை பார்த்தேன். அந்த ஆள் வாயைத் திறந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்பாவுக்கு வேலை போயிருந்தது. வீடு என் சம்பளத்தில் ஓடியதால் பொறுத்துக்கொண்டேன்.

வாடிக்கையாளர்கள் ஆபீஸ் படியேறக் கூடாது, எல்லாவற்றையும் வெப்சைட்டிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பில் கணக்கெல்லாம் வேறொரு கம்பெனியின் சர்வரில் இருந்தது. அதற்குக் கட்டளை அனுப்ப அவர்கள் தந்த ஏபிஐயை வைத்து வெப்சைட்டைக் கட்டினேன். பிளானை மாற்றலாம், இணைப்பைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம், ஒரேயடியாக ரத்தும் செய்யலாம்.

நிறுத்தி வைக்கும் பட்டனைத் தூக்கச் சொன்னார். கண்ணில் பட்டால் ஆளாளுக்கு அமுக்குவார்களாம். மீன்பிடித் தடைக்காலத்தில் குப்பத்துக்காரர்கள் வருஷா வருஷம் நிறுத்தச் சொல்வார்களே, அதற்கு என்ன வழி என்று கேட்டேன்.

"கட்டச் சொன்னா கட்டு. ரோசன பண்றதுக்கு நான் கீறேன்."

தூக்கினேன்.

தடைக்காலம் வந்தது. குப்பத்தில் எதையும் தனித்தனியாகச் செய்வதில்லை. காலேஜ் படித்த ஒரு பெண் எல்லா வீட்டுப் பாஸ்வேர்டையும் வாங்கி, மிச்சமிருந்த ரத்து பட்டனை வரிசையாக அமுக்கிவிட்டாள். முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வழக்கமாக நிறுத்துவதுதானே என்று கையை வீசிவிட்டார்.

படகுகள் மறுபடி கடலுக்குப் போனதும், மீன் ஏலம் எடுக்கும் ஓர் அம்மா நாலைந்து பெண்களோடு ஆபீசுக்கு வந்தார்.

"போட்டு எறங்கிடுச்சிபா. லைன போடு."

ரத்து செய்ததால் சர்வரில் அவர்கள் கணக்கு எதுவும் இல்லை. நான் உள்ளே போய் பில் கம்பெனிக்கு போன் போட்டேன். அழித்ததை இன்று மாலை வரைதான் வைத்திருப்போம், உங்கள் முதலாளி கேட்டால் மொத்தமாகத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். சந்தோஷத்தோடு வெளியே வந்தேன்.

அதற்குள் முதலாளி, எல்லாரும் புது இணைப்புதான் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இத்தினி வருஷமா இப்டித்தானே கீது? இன்னாத்துக்குப் புதுசு?" என்றார் அந்த அம்மா.

முதலாளி என்னைக் கை காட்டினார். "இவன் கலீஜா கட்டி வச்சதுதான் எல்லாம். டேய், நாளைலேர்ந்து வராத."

பெண்கள் எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு கேபிள்காரர் கடைக்குள் நுழைவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் பையை எடுத்துக்கொண்டேன். இன்னும் என்னடா நிற்கிறாய், சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று முதலாளி கேட்டார்.

ஒன்றுமில்லை என்றேன்.