ஞாயிற்றுக்கிழமை மெழுகு

அறுபதுகளில் புத்தூரில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு டாக்டரம்மா இருந்தார். உயரமானவர், பாதி நரைத்த தலை. ஞாயிறு காலையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் பழைய கறுப்புக் காருக்குத் தெருவில் நின்றே மெழுகு தேய்ப்பார். ஆண்கள் சிரித்தார்கள். எனக்கும் பிடிக்கவில்லை. போய்ச் சொன்னேன்.

"டிரைவர் வெச்சுக்கலாமேங்க. எல்லாரும் நின்னு பாக்குறாங்க."

அவர் கை நிற்கவில்லை. "பாக்கட்டுங்க. கார் பளபளக்கணும்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப ஆஸ்பத்திரிக்கு வரக் கூசுற பொம்பளைங்க இங்க நின்னு பேசுறாங்க. நான் ஏன் உள்ள போகணும்?"

அந்தப் பக்கம் போகாதே என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அடுத்த ஞாயிறு பழந்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போய், டாக்டரம்மாவோடு சேர்ந்து கார் தேய்த்தாள். நான் ஜன்னலில் நின்று பல்லைக் கடித்தேன்.

மறுநாள் டாக்டரம்மாவே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மார்பில் கட்டி. ஆறு மாதமாக என்னிடம் மறைத்திருக்கிறாள். ஆபரேஷன் நடந்தது, பிழைத்துக்கொண்டாள்.

நன்றி சொல்லப் போனேன். "தையல் ஆறட்டுங்க. அப்புறம் நீங்க அனுப்பாட்டியும் அவங்க கார் தேய்க்க வருவாங்க," என்றார் டாக்டரம்மா.

அவரிடம் முதல் நாளே சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மனைவியைக் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.