பெரிய மிஷினுக்கும் சின்ன மிஷினுக்கும் நடுவில்

'நகர்த்தி' என்ற பெயரை என் நாத்தனார் வாயில்தான் முதலில் கேட்டேன். ஏதோ இரும்புச் சாமான் என்று நினைத்து, "எந்தக் கடையில கிடைக்கும்?" என்றேன். "ஐயோ அண்ணி, அது என் மூத்த மருமகளோட தங்கச்சி!" என்றாள்.

மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையத்தில் அவளுக்கு வேலை. அங்கே இரண்டு மிஷின். பெரியது எண்ணூறு வோல்ட் வரை கொடுக்கும். சின்னது நானூறோடு சரி. கார் வாசலில் மூக்கை நுழைக்கும்போதே அவள் கை நீண்டுவிடும். இடது கை நீண்டால் பெரியது, வலது கை நீண்டால் சின்னது. மாறி நிற்பவரிடம் ஒரே பேச்சுதான்: "நகர்த்துங்க." பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. பரிமாறும்போது அகப்பையை என் தட்டுக்கு மேல் நிறுத்தி, "பெரியம்மா, நீங்க நானூறுதான். மெதுவா வாங்குங்க" என்பாள். பல் போனவளுக்கு அது நியாயம்தான். எனக்குக் கோபம் மட்டும் எண்ணூறில் வரும்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பை யாரும் என்னிடம் கொடுக்கவில்லை; நானாக இழுத்துப் போட்டுக்கொண்டேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவள்தான், ஆனால் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். நான் பேசிய சம்பந்தங்கள் என்ன ஆயின என்று மட்டும் கேட்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு பேரைக் கொண்டுபோய் நிறுத்தியதில் அவள் வெறுத்துப் போயிருந்தாள்.

"இதுவும் போச்சுன்னா மாப்பிள்ளைப் பேச்சையே எடுக்காதீங்க பெரியம்மா. நான் இப்படியே இருந்துக்கறேன்."

மூன்றாவது ஆள் என் ஒன்றுவிட்ட தம்பி மகன், பொய்ப்பல் செய்கிறவன். "வேலை செய்யற இடத்துல ஒரு தடவை பார்க்கணும் அத்தை" என்றான். அவள் அவனைப் பார்த்ததில்லை. சார்ஜ் ஏற்றும் சாக்கில் அவன் காரிலேயே போனோம். நான் பின் சீட்டில் சால்வையால் தலையை மூடிக் குனிந்துகொண்டேன். வாயையும் மூடியிருக்கலாம்.

"பெரிய மிஷின்ல விடுடா, சீக்கிரம் ஏறும்!"

பெரிய பானையில் வைத்தால் சோறு சீக்கிரம் வெந்துவிடுமா என்று, ஆயுசெல்லாம் சமைத்தவளுக்குத் தோன்றவில்லை.

அவள் வந்தாள். "சார், உங்க வண்டி நானூறு வோல்ட்டு. எங்க நின்னாலும் அது வாங்கறதைத்தான் வாங்கும். நகர்த்துங்க."

"இங்கதான் காலியா இருக்கே?"

"பின்னாடி பாருங்க. அது எண்ணூறு வோல்ட்டு வண்டி. சின்ன மிஷின்ல போட்டா நத்தை மாதிரி ஏறும். அவரு எப்போ வீடு போய்ச் சேர்றது?"

எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "அடியே, இவன்தான்டி மாப்பிள்ளை!" என்று கத்தினேன்.

அவள் முகம் சிவந்தது. அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பின்னால் காத்திருந்த காரைப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைன்னாலும் வண்டி நானூறுதானே பெரியம்மா? நகர்த்தச் சொல்லுங்க."

மூன்றாவதும் போயிற்று என்று சால்வையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டேன். அவன் காரை நகர்த்தினான். சின்ன மிஷின் பக்கம் நிறுத்தி, இறங்கி, "இங்க சரியா இருக்குங்களா?" என்று அவளையே கேட்டான். பல்லைப் பற்றிப் பேசினால் தவிர வேறெதற்கும் சிரிக்காதவன், சிரித்துக்கொண்டே கேட்டான்.

இப்போதும் அவள் அதே நிலையத்தில்தான் இருக்கிறாள். சாயங்காலம் அவளை வீட்டுக்கு அழைத்துப்போக வருகிறவன், சொல்லாமலே சின்ன மிஷின் பக்கம் காரைத் திருப்புகிறான். அவள் வலது கை அதற்கு முன்பே நீண்டிருக்கிறது.