நாக்குக்கு அடியில்

காலை ஆறரைக்கு அத்தை வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். அப்பா குனிந்து பார்ப்பார். நாக்குக்கு அடியில் மாத்திரை ஒளிந்திருக்கவில்லை என்று உறுதியான பிறகே மீன் அன்னக்கூடை அவள் தலைக்கு ஏறும். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், கடலோரத்து எங்கள் குப்பத்தில், முப்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி தினமும் இப்படி வாய் திறந்து நின்றாள். எதிர்வீட்டுக்காரர்கள் பல் தேய்த்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

அத்தை அப்பாவின் தங்கை. ஷேர் ஆட்டோவில் குருவிநத்தம் வரை போய்த் தெருத்தெருவாக மீன் விற்றவள். ஒரு மருத்துவ முகாமில் அவளுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. மாத்திரை ஒன்றானது, இரண்டானது, நான்கானது. அழுத்தம் இறங்கவேயில்லை. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கருவாடு என்றாள் அம்மா. வாய்த்துடுக்கு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மாத்திரையே போடுவதில்லை என்றார் சுகாதார நிலையத்து நர்ஸ். அந்தக் காரணம்தான் எல்லோருக்கும் பிடித்துப்போனது.

“இன்னாம்மா, மாத்திரய கடல்ல கொட்டிட்டு வரியா?” என்று வரிசையில் எல்லோர் முன்னாலும் நர்ஸ் கேட்டார்.

“ஆமாம்மா, சுறாவுக்குப் பிரஷர் ஜாஸ்தியாயிடுச்சாம். அதான் போட்டுட்டு வரேன்,” என்றாள் அத்தை.

வரிசையே சிரித்தது. கூட வந்திருந்த அப்பா சிரிக்கவில்லை. மறுநாள் காலை வாய்ச் சோதனை தொடங்கியது.

அட்டவணை போட்டது நான். ஸ்கேன் டெக்னீஷியன் படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்கு நிம்மதி. தேதி, காலை மாத்திரை, இரவு மாத்திரை, அளந்த அழுத்தம். மூன்று மாதத்தில் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. அழுத்தத்தின் எண்கள் மட்டும் அசையவில்லை. மாத்திரை உள்ளே போகிறது, கொதிப்பு இறங்கவில்லை, ஆகவே காரணம் வேறெங்கோ இருக்கிறது. படித்தவள் அந்தத் தாளிலிருந்து இந்த முடிவுக்குத்தான் வந்திருக்க வேண்டும். நானோ, அத்தை கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுக்கிறாள் என்ற முடிவுக்கு வந்தேன். அப்பாவிடம் சொல்லவும் செய்தேன். அன்றிலிருந்து, விழுங்கிய பிறகு அரைமணி நேரம் அவளை எங்கள் கண்ணெதிரே உட்கார வைத்தோம். கூடையிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருக்கும். “மீனு நாறுதுடி, நான் போவணும்,” என்பாள். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

மறு வருடம், நான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஸ்கேன் மையத்துக்கே ஒரு டாக்டர் அவளை அனுப்பினார். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளைப் பார்க்க வேண்டும். மருந்து ஏற்றி எடுத்த படம் என் திரையில்தான் விரிந்தது. வலப்பக்கம் ஒரு தமனி. இடப்பக்கம் இரண்டு. கூடுதலாக ஒன்று இருப்பது நோயல்ல. எத்தனையோ பேர் அப்படிப் பிறந்து, அது தெரியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள். ஆனால் அத்தையின் இரண்டாவது தமனி கிளம்பும் இடத்திலேயே நூலாகச் சுருங்கியிருந்தது. அதனிடம் ரத்தம் வாங்கும் சிறுநீரகப் பகுதி, தனக்குப் போதவில்லை என்று உடம்பு முழுவதிலும் அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். பாடத்தில் படித்ததுதான்.

அறிக்கை எழுதும் டாக்டர் வேறு ஊரில் இருந்தார். படங்களை இணையத்தில் அனுப்பினோம். ‘இருபுறமும் ஒற்றைத் தமனி, இயல்பு’ என்று வந்தது. முன்னமே அடித்து வைத்த வாக்கியம் அது. பெயரையும் வயதையும் மாற்றி எல்லோருக்கும் போகும். நான் போன் செய்தேன். “எக்ஸ்ட்ராவா ஒண்ணு நெறைய பேருக்கு இருக்கும்மா. நீங்க டெக்னீஷியன்தானே?” என்றார். சுருக்கத்தைப் பற்றிச் சொல்வதற்குள் வைத்துவிட்டார். மறுபடி அழைத்திருக்கலாம். அத்தையை அனுப்பிய டாக்டரிடம் நேரே போயிருக்கலாம். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான், பயந்தேன். அறிக்கையை உறையில் போட்டு அத்தையின் கையில் கொடுத்ததும் நானேதான்.

“பாத்தியா, ஒண்ணுமில்லயாம். இனிமேலாவது ஒழுங்கா மாத்திரயப் போடு,” என்றார் அப்பா.

இரண்டு வருடம் கழித்து, மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தபோது அத்தை மணலில் சரிந்தாள். வலக்கையும் பாதிப் பேச்சும் போயின. அதற்குப் பிறகுதான் அந்தப் பழைய படங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக எனக்குத் துணிச்சல் வந்தது. அங்கிருந்த டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சுருக்கத்தின் மேல் விரலை வைத்தார். பலூன் செலுத்தி விரித்தார்கள். இப்போது இரண்டே மாத்திரையில் அழுத்தம் கட்டுக்குள் நிற்கிறது. கை திரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவும் அங்கேதான் இருந்தார். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கே... பாத்தியாடி?”

“பாத்தேன் அத்த.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“நான் மாத்திர போட்டேன்னு... எழுதிக் குடு. பெருசா எழுது. அந்த நர்சம்மாவுக்கு... கண்ணு தெரியாது.”

எழுதினேன். மாத்திரைகளின் பெயர், மாதங்கள், இரண்டாவது தமனி, அதன் சுருக்கம், அதை நான் பார்த்த நாள். கீழே கையெழுத்துப் போட்டேன். அத்தை தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அப்பா இருந்த பக்கம் மோவாயைக் காட்டினாள்.

“அண்ணனயும்... போடச் சொல்லு.”

அப்பா கண்ணாடி எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அத்தை பேனாவை இடக்கையில் பிடித்தபடி, அறை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.