சேராத இரண்டு கோடுகள்

பேராசிரியர் மூன்று மணிக்கு இணையத்தில் வருவார். நெடுங்கேணி வீட்டில், குசினி அடுப்புக்குப் பக்கத்து மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சிவரூபி காலையிலிருந்தே நகம் கடித்தாள். இரண்டு வருட ஆராய்ச்சி. இன்றும் திரையின் இரண்டு கோடுகள் சேராவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லிவிடுவார்.

கணினிக்குள், நிரலாக எழுதி, அவள் கொஞ்சம் நைதரசன் வாயுவை அடைத்து வைத்திருந்தாள். அதன் மூலக்கூறு வெறும் உருண்டை அல்ல. ஒட்டிப் பிறந்த இரண்டு அணுக்கள். ஓடும், ஓடியபடியே சுழலும். மோதி மோதி, ஓட்டத்தின் வெப்பநிலையும் சுழற்சியின் வெப்பநிலையும் கடைசியில் ஒன்றாக வேண்டும். திரையிலோ சுழற்சிக் கோடு ஏறிக்கொண்டே போனது, ஓட்டக் கோடு விழுந்துகொண்டே இருந்தது.

வயலிலிருந்து வந்த அண்ணன் கிருபன் எட்டிப் பார்த்தான். இல்லாத மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி, பேராசிரியரின் குரலில் இழுத்துப் பேசினான்.

"பிள்ளை சிவரூபி... உம்மட வாயுவுக்கு என்ன, குளிர்காய்ச்சலோ?"

"சும்மா இருங்கோ அண்ணா. எனக்குத் தலையிடிக்குது."

"அப்ப நீரும் உம்மட வாயுவும் ஆளுக்கொரு பனடோல் போடுங்கோ."

வேலிப்பக்கமிருந்து அம்மா வந்தார். "பக்கத்து வளவுச் சுதாஜினியின்ர சட்டியை நீயே குடுத்தனி?"

"ஓம். கழுவித்தான் குடுத்தனான்."

"வெறுஞ்சட்டியாவே? அவா மீன்குழம்பெல்லே தந்துவிட்டவா. ரெண்டு முருங்கைக்காய் எண்டாலும் போட்டுக் குடுக்கிறதில்லையே? வாங்கத்தான் தெரியும் உனக்கு."

பதில் சொல்ல வாயெடுத்தவள் மடிக்கணினிப் பக்கம் திரும்பினாள். பிறகு தான் எழுதிய நிரலை மேலிருந்து கீழே பார்த்தாள். ஒவ்வொரு மோதலிலும் ஓட்டம் தன் சக்தியில் ஒரு பங்கைச் சுழற்சிக்குக் கொடுத்தது. சுழற்சி திருப்பிக் கொடுக்க ஒரு வரிகூட இல்லை.

உடனே திருத்தினாள். மோதும் இரண்டு மூலக்கூறுகளின் ஓட்டச் சக்தியையும் சுழற்சிச் சக்தியையும் ஒன்றாய்ச் சேர்த்து, புதிதாகப் பங்கிடச் சொன்னாள். கோடுகள் மெல்ல ஒன்றையொன்று நோக்கி வளையத் தொடங்கின. மிக மெல்ல. அதற்குள் மூன்று மணியாகி, பேராசிரியரின் அழைப்பு வந்துவிட்டது.

"பிள்ளை சிவரூபி... கோடுகள் சேர்ந்ததோ?"

அண்ணன் காட்டிய அதே இழுவை. கிருபன் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான்.

வேறு யாரோ வரைந்த பழைய வரைபடம் ஒன்றைக் காட்டிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "இன்னும் இல்லை சேர். பிழையை இப்பதான் கண்டுபிடிச்சனான். நிரல் ஓடிக்கொண்டிருக்கு." திரையைப் பகிர்ந்தாள்.

கோடுகளுக்கு நடுவே இன்னும் ஒரு விரல் இடைவெளி.

"தலைப்பைப் பிறகு கதைப்பம்" என்றார் பேராசிரியர். "நிப்பாட்டாதையும். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."