கட்சிக்காரர் இங்கே, எதிராளி கடலுக்கு அப்பால்

வெளிநாட்டோடு வியாபாரம் செய்கிறவர்களுக்குச் சட்ட உதவி செய்கிற வக்கீல்களுக்கு ஓர் உண்மை தெரியும்: எதிராளி எந்தக் கண்டத்தில் உட்கார்ந்திருந்தாலும், நம்மைத் திட்டுகிறவர் உள்ளூர்க்காரராகத்தான் இருப்பார். இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து அவதிப்படும் நண்பர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. நமக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறதோ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் ஆறுதலடையலாம்.

போர்டு

எங்கள் அலுவலகம் பாலக்காட்டில், கோர்ட்டுக்குப் பின்தெருவில், ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் இருக்கிறது. சீனியர் விசுவநாதன் சார் கோயில் தெருக்காரர். தலைமுறை தலைமுறையாக அந்தத் தெருவில் பேசிவந்த தமிழை இன்னும் மாற்றிக்கொள்ளாதவர். நான் சுமதி, கொல்லங்கோட்டுக்காரி. நிலத்தகராறும் பாகப்பிரிவினையும் அலுத்துப்போன ஒரு நாளில், 'வெளிநாட்டு வியாபார வழக்குகளுக்குச் சட்ட உதவி' என்று தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதி வாசலில் மாட்டினோம்.

முதலில் படியேறி வந்தவர் வாளையார்ப் பக்கத்து விவசாயி ஒருவர். தேங்காய் ஏற்றிய லாரி எல்லையில் நிற்கிறது, ஏதோ காகிதம் இல்லையாம், உடனே வர வேண்டும் என்றார். அது மாநில எல்லைதான், நாங்கள் பார்ப்பது நாடு விட்டு நாடு நடக்கும் வியாபாரம் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் என்னைவிடப் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, என்ற ஊடு இந்தப் பக்கம், தோப்பு அந்தப் பக்கம். அங்க கவர்மெண்டு வேற, ஆபீசுல எழுதற பாஷை வேற. தெனமும் காலைல எந்திரிச்சு வெளிநாடு போய்ட்டு, பொழுதோட ஊட்டுக்குத் திரும்பற ஆளுங்க நானு."

லண்டன் எங்கே வந்தது?

போர்டுக்குப் பொருத்தமாக வந்த முதல் கட்சிக்காரர் தங்கவேலு. கொல்லங்கோட்டை ஒட்டிய மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, காய் பறித்து, தரம் பிரித்து, பெட்டி போட்டு துபாய்க்கு அனுப்புகிறவர். அந்த வருடம் அனுப்பிய சரக்கு கனிந்து கெட்டுப்போய் வந்தது என்று வாங்கிய கம்பெனி பணம் தராமல் கைவிரித்துவிட்டது. காய் பச்சையாகத்தான் போனது, அங்கே கிடங்கில் குளிர் இல்லாமல் போட்டுவைத்துக் கெடுத்தார்கள் என்பது இவர் கட்சி. இதற்கு ஒரு முடிவு வராவிட்டால் அடுத்த பூவுக்குத் தோப்புக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். மனுஷன் இளைத்துப்போயிருந்தார்.

அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோன்ற எழுத்தில், தகராறு வந்தால் இங்கிலாந்துச் சட்டப்படி லண்டனில் நடுவர் முன்னால்தான் தீர்க்க வேண்டும் என்று இருந்தது. விற்றவர் கொல்லங்கோடு, வாங்கியவர் துபாய். நடுவில் லண்டன் எப்படி வந்தது என்று அவருக்கு விளங்கவேயில்லை. பெரிய கம்பெனிகள் இப்படித்தான் எழுதுவார்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டால் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்றேன். ஒப்பந்தத்தைத் திருப்பி வாங்கி அந்த எழுத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் லண்டனப் பாத்ததில்லீங்க. லண்டன் எதுக்குங்க என்ற மாங்காயப் பாக்கோணும்?"

சாப்பாட்டு விசாரணை

லண்டனில் ஒரு பெண் வக்கீலைப் பிடித்தோம். வீடியோவில் பேச்சு. அந்த ஊர் வக்கீல்களிடம் வாய் திறந்தால் மீட்டர் ஓடும், அதனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று தங்கவேலுவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். திரையில் அந்த அம்மா தெரிந்ததும் இவர் எழுந்து நின்று கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "மொதல்ல சோறு உண்டாச்சான்னு கேளுங்க அம்மிணி" என்றார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். வீடு தேடி வந்தவர்களை விசாரிக்காமல் எப்படி என்றார். அந்த அம்மா நம் வீட்டுக்கு வரவில்லை, நாம்தான் அவர் திரைக்குள் போயிருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். அசையவில்லை. வேறு வழியில்லாமல் மொழிபெயர்த்தேன்.

அந்த அம்மா பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டு, இந்தக் கேள்விக்கும் சரக்கின் நிலைக்கும் என்ன சம்பந்தம் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். தங்கவேலு முகத்தில் நிஜமான கவலை வந்தது: "உண்டாச்சான்னு கேட்டதுக்கு இத்தனை யோசனை பண்ணுதுன்னா, அந்தப் புள்ள பசியோடதானுங்க இருக்குது."

குமாரசாமியின் சம்மதம்

நம் ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் காகிதம் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். தங்கவேலுவின் பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரும் சேர்ந்து 'தங்கவேலு குமாரசாமி' என்று இருக்கிறது. நமக்குத் தங்கவேலு, லண்டனுக்கு மிஸ்டர் குமாரசாமி. ஒப்பந்தத்தில் இருப்பதோ கே. தங்கவேலு. ஆக இரண்டு பேர் இருக்கிறார்கள், மிஸ்டர் குமாரசாமியும் சம்மதித்துக் கையெழுத்திட்டால்தான் மேலே நகர முடியும் என்று அங்கிருந்து எழுதிவிட்டார்கள்.

குமாரசாமிக் கவுண்டர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. அதை எழுதினால், அப்படியானால் மிஸ்டர் குமாரசாமியின் வாரிசு யார் என்று பதில் வந்தது. வாரிசு தங்கவேலு என்றால், அவர்தான் காலமாகிவிட்டதாகச் சொன்னீர்களே என்றார்கள். நோட்டரி, சத்தியப் பத்திரம், ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீசிலிருந்து ஒரு சர்டிபிகேட், அத்தனைக்கும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு என்று அலைந்து முடித்தோம். அலைச்சலின் கடைசி நாளில் தங்கவேலு சொன்னார்: "எங்கப்பன் உசுரோட இருக்கீலயே ஒரு கையெழுத்து வாங்கறது சாமானியமில்லீங்க."

கிட்டத்து வழி

நடுவரிடம் போவதற்குமுன் இரண்டு தரப்பும் ஒரு தடவை தங்களுக்குள் பேசிப் பார்க்கலாம் என்று லண்டன் வக்கீல் யோசனை சொன்னார். வீடியோவில் எல்லோரும் உட்கார்ந்தோம். துபாய்க் கம்பெனி சார்பில் கோட்டும் டையுமாக ஒரு மேனேஜர் வந்தார். கால் மணி நேரம் எங்கள் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் விறைப்பாக மோதிக்கொண்டன. தங்கவேலு பொறுமையிழந்து, "இந்தாளு மூஞ்சியப் பாத்தா நம்மூரு மாதிரி இருக்குதுங்களே" என்று என்னிடம் கிசுகிசுத்தார். மைக் திறந்திருந்தது. மேனேஜர் டையைத் தளர்த்திக்கொண்டு, "ஞான் சித்தூராக்கும்" என்றார்.

ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்; கொல்லங்கோட்டிலிருந்து ஒரு பஸ் தூரம். அடுத்த மாதம் அவர் லீவில் ஊருக்கு வந்தபோது தங்கவேலுவின் கொட்டகையிலேயே உட்கார்ந்து பேசினார்கள். கிடங்கில் குளிரூட்டும் மெஷின் பழுதானது உண்மைதான் என்று அவர் ஒப்புக்கொண்டார். நின்ற பணத்தைக் கொடுத்துவிட்டு, இந்த வருடச் சரக்கையும் அந்தக் கம்பெனியே எடுப்பது என்று சமரசம் ஆனது. புது ஒப்பந்தத்தில் லண்டனை அடித்துவிட்டுப் பாலக்காடு என்று எழுதினேன். தங்கவேலுவுக்கு ஒரே ஒரு வருத்தம்தான்: "கொல்லங்கோட்டுல இருந்து சித்தூருக்கு லண்டன் சுத்திப் போன மொத ஆளு நானாத்தானுங்க இருக்கோணும்."

யார் பெயர்?

தங்கவேலு வழக்கு முடிந்த கையோடு மூணாற்றிலிருந்து பேச்சியம்மா வந்தாள். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். இவள் டவுனில் சின்னக் கடை போட்டு, தேயிலையில் ஏலக்காயும் சுக்கும் கலந்து, 'பேச்சியம்மா டீ' என்று தன் பெயரையே வைத்துச் சுற்றுலாக்காரர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். கூட மூன்று பெண்கள் பாக்கெட் போடுகிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருவன் குடித்துப் பார்த்து மயங்கி, தன் நாட்டுக்கு வரவழைத்து விற்க ஆரம்பித்தான். பிறகு சத்தமில்லாமல் அந்தப் பெயரைத் தன் வியாபாரக் குறியாக அங்கே பதிவு செய்துவிட்டான். இது தெரியாமல் பேச்சியம்மா அதே நாட்டில் இன்னொரு கடைக்கும் டீ அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெட்டிகள் சுங்கத்தில் பிடிபட்டன. கூடவே அவளுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்.

போனில் வந்திருந்த நோட்டீஸைக் காட்டினாள். 'பேச்சியம்மா என்ற சொல்லை எந்த வடிவத்திலும் பயன்படுத்துவதை உடனே நிறுத்த வேண்டும்' என்று இருந்தது. தமிழில் சொன்னேன். எனக்குச் சிரிப்பு முட்டியது, ஆனால் அவள் சிரிக்கவில்லை. பாக்கெட் போடும் பெண்களை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ரேஷன் கார்டுல மட்டுமாவது வச்சுக்கிடலாமான்னு கேட்டுச் சொல்லுதீயளா மேடம்?"

மருமகன்கள்

அந்த நாட்டில் எங்களுக்கு ஒரு வக்கீலையும் தெரியாது. விசுவநாதன் சார் கொஞ்சமும் கலங்கவில்லை. "ஒண்ணும் பேடிக்க வேண்டாம், நம்மவா இல்லாத தேசம் உண்டோ?" என்று தெருக்காரர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். மாலைக்குள் அந்த நாட்டில் தெருவின் மருமகன் ஒருவர் அகப்பட்டார். கம்ப்யூட்டர் இன்ஜினீயர். தனக்கும் ஒரே ஒரு வக்கீலைத்தான் தெரியும், மிகவும் கெட்டிக்காரர் என்று எழுதினார்.

காகிதங்களை அனுப்பினோம். கெட்டிக்காரர் முழுவதும் படித்துவிட்டு, தான் விவாகரத்து வழக்கு மட்டும்தான் நடத்துவதாகச் சொல்லி, வியாபாரக் குறி வழக்கு பார்க்கும் ஒரு தோழியின் முகவரியைக் கொடுத்தார். தேடியது அங்கே கிடைத்தது. பொழுதை வீணாக்கிவிட்டோமே என்று நான் அலுத்துக்கொண்டேன். சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "ரெண்டும் ஒண்ணாக்கும், சுமதி. பிரிஞ்சு போனப்பறம் பேர் யார்கிட்ட இருக்கணும்ங்கறதுதானே வியவகாரம்!"

அர்த்தம்

பதிவை ரத்து செய்யக் கேட்டு அந்தத் தோழி போட்ட மனுவின் விசாரணை வீடியோவில் நடந்தது. மூணாற்றில் மழை பிடித்தால் நெட் படுத்துவிடும் என்று பேச்சியம்மா முந்தின நாளே பாலக்காடு வந்து என் வீட்டில் தங்கினாள். சரியாகச் சாப்பிடவில்லை. அங்கே மொழிபெயர்ப்பாளராக வந்தவர் யாழ்ப்பாணத்துப் பெண். "நீங்கள் எப்ப இந்த வியாபாரத்தைத் தொடங்கினனீங்கள்?" என்று அவர் கேட்டதும், பேச்சியம்மா என் காதோரம் குனிந்து, "நம்ம பாஷதான், ஆனா வேற மலைல வெளஞ்சது" என்றாள். பதற்றம் கொஞ்சம் தணிந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் அருமையாகப் பேசினார். 'பேச்சியம்மா' என்பது எந்த அர்த்தமும் இல்லாத சொல், கேட்பவர்களுக்கு மலையும் பனியும் நினைவு வரவேண்டும் என்பதற்காகத் தன் கட்சிக்காரர் கற்பனை செய்து உருவாக்கியது என்றார். அவ்வளவு அழகாக யார் பொய் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும். விசாரணை அதிகாரி பேச்சியம்மாவைப் பார்த்து, இதற்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அர்த்தம் தெரியாதுங்கய்யா. ஆனா எங்க லயத்து வாசல்ல நின்னு இந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, என்னோட சேத்து நாலஞ்சு பேரு திரும்பிப் பாப்போம். எங்கள யாரும் கற்பனை பண்ணல."

தீர்ப்புக்குப் பின்

பதிவு ரத்தானது. தீர்ப்பு வந்த அன்று நான் போனில் கத்திய கத்தலில் கீழே ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மேலே ஓடிவந்துவிட்டார்கள். சுங்கத்தில் மாட்டிய பெட்டிகளையும் விட்டுவிட்டார்கள். ஆனால் வழக்கு முடிவதற்குள் சுங்கக் கிடங்கின் ஈரத்தில் டீ மணமெல்லாம் போய், வெறும் தூளாக இருக்கிறது என்று இரண்டாவது கடைக்காரர் எழுதிவிட்டார். ஜெயித்த கட்சிக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். போனில் பேச்சியம்மாவுக்குப் பின்னால் அந்த மூன்று பெண்களும் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம் கேட்டது, வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். அவள் சொன்னாள்: "மணம் போனாப் போட்டும் மேடம், அதை நாங்க மறுபடி போட்டுக்கிடுவோம். பேர எங்க போயி வாங்க?"

நாடுகளுக்கு நடுவே எல்லை இருக்கிறது என்று எல்லாச் சட்டப் புத்தகத்திலும் போட்டிருந்தாலும், அது இருப்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வியாபாரம் தொடங்கிய கட்சிக்காரர் ஒருவரை நான் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.