பீச்சாங்கைக்கு ஒரு கிட்டார்

இன்று சிதம்பரத்தில் கிட்டார் செய்யும் சலீம் அண்ணனிடம் எனக்கொன்று செய்யச் சொல்லப் போனேன். கடலூரிலிருந்து மாமாவும் கூடவே வந்தார்.

நான் இடதுகைக்காரி என்றதும் சலீம் அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தார். "பலகையைத் தாங்குற உள்கட்டையெல்லாம் இடம் மாத்தி ஒட்டணும். ஒட்டிட்டா திருப்ப முடியாது. யோசிச்சு சொல்லும்மா."

மாமா முந்திக்கொண்டார். "பீச்சாங்கைக்குன்னு தனியா கிட்டாரா? மேடையில பாத்தா சிரிப்பாங்கடி. சோத்துக்கையால வாசிக்கப் பழகு."

ஒன்றாம் வகுப்பில் என் பென்சிலைக் கை மாற்றினார்கள். இன்றும் என் கையெழுத்து யாருடையதோ போலிருக்கிறது.

"மாத்தியே ஒட்டுங்கண்ணே."

கிட்டாருக்குள் ஒட்டும் சீட்டில் என்ன பெயர் எழுதுவது என்று சலீம் அண்ணன் கேட்டார்.

"பீச்சாங்கை."



இங்கே பீச்சாங்கைக்காரர்கள் இருந்தால் கை தூக்குங்கள். எந்தக் கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.